காயிப்

"நிறுத்தச் சொல்லுங்க அக்கா. இந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும்."

அம்சம் மீன்கூடையை இறக்கிக்கூட வைக்கவில்லை. தலைச்சுமையோடு சாஜிதாவின் வாசலில் நின்றாள்.

காலையிலேயே பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். ஜும்ஆ முடிந்ததும் சித்தீக்கின் பெயரில் காயிப் ஜனாஸா.

காயிப் அரபுச் சொல்தான். ஆனால் நாகூரில் மீன்காரிக்கும் அது தெரியும். கண்ணெதிரே இல்லாதவர். உடல் கிடைக்காத ஒருவருக்கு, உடல் இல்லாமலே தொழுது முடிக்கிற மரணத் தொழுகை.

தொழுதுவிட்டால் காத்திருந்தது முடிந்தது.

சித்தீக், சாஜிதாவின் பிள்ளை. எஞ்சின் மெக்கானிக். ரிப்பேர் பார்த்த எஞ்சின் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வீரையனின் படகில் ஏறிப் போனான்.

வீரையன், அம்சத்தின் புருஷன். இரண்டு பேருமே திரும்பவில்லை.

ஒரே படகு. அதுதான் அவள் பயம். சித்தீக் செத்துவிட்டான் என்று ஊர் தொழுதுவிட்டால் வீரையன் மட்டும் எப்படி உயிரோடு இருப்பான்? சாயங்காலமே அவள் தாலியைக் கழற்ற ஆள் வந்துவிடும்.

"எங்க ஆளு சோம்பேறி அக்கா. எமனே வந்து கூப்பிட்டாலும் நாளைக்கு வர்றேன்னுதான் சொல்லும்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது.

சாஜிதா அவளை உட்காரச் சொல்லவில்லை. கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"இன்னைக்குக் காயிப் இல்ல அம்சம். நிறுத்தியாச்சு. நீ போ, முதல்ல ஒரு வாய் சாப்புடு."

அம்சம் கும்பிடக் கை எடுத்தாள். கூடை சரிய, அவசரமாகப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் போனபோது அவள் நடையே மாறியிருந்தது.

சாஜிதா பொய் சொல்லவில்லை.

அம்சம் வருவதற்குச் சற்று முன்புதான் சாஜிதாவின் புருஷன் மீரா உசேன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்திருந்தார்.

காயிப் வேண்டியதில்லை, பிள்ளை கிடைத்துவிட்டான். கோடியக்கரைப் பக்கம் ஒதுங்கியிருக்கிறான். வீரையனும் அவனோடுதான். நீந்தத் தெரியாத பிள்ளையைத் தன் இடுப்போடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருக்கிறான். அறுத்துத்தான் இரண்டு உடலையும் பிரித்தார்களாம்.

தெருவில் அம்சம் மீன் விலை கூவுவது கேட்டது. இத்தனை நாளாகக் கூவாமலே விற்றவள்.

சாஜிதா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

வாய்விட்டு அழுதால் தெருமுனை வரை கேட்கும்.