இருபது சட்டை, நாற்பது இடது கை

"ரெண்டுமே இடது கை!"

என் வீட்டுக்காரர் போட்ட சத்தத்துல தையல் மெஷின் நாலும் நின்னுபோச்சு.

பள்ளிக்கூடப் பாட்டுக் குழுவுக்கு இருபது முழுக்கைச் சட்டை. மறுநாள் சாயங்காலம் பிள்ளைங்க அதைப் போட்டுக்கிட்டு மேடை ஏறணும். வெட்டி வச்ச துணியை எடுத்துப் பார்த்தா, வலது கைன்னு ஒண்ணுகூட இல்ல. நாற்பதும் இடது. துணியில ஒரு பக்கம் மட்டும்தான் பளபளப்பு, திருப்பிப் போட்டும் தைக்க முடியாது.

இது நல்லபடியா முடிஞ்சா அந்தப் பள்ளிக்கூடத்துச் சீருடை மொத்தமும் எங்க கடைக்குத்தான். சொதப்பினா அவ்வளவுதான்.

எங்க கடையில நான் அட்டையில அளவு வரைஞ்சு குடுப்பேன், கத்திரி அண்ணன் வெட்டுவாரு, மத்தவங்க தைப்பாங்க. பன்னெண்டு வருஷமா கத்திரியும் கையுமா நிக்கிற மனுஷன். அவரோட நிஜப் பேரே எங்களுக்கு மறந்துபோச்சு.

"கண்ணைப் பிடரியில வச்சுக்கிட்டா வெட்டினீங்க?"

அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "கவனிக்காம விட்டுட்டேன், முதலாளி."

"நாளையிலிருந்து வராதீங்க!"

எனக்குப் பொறுக்கல.

"ஏங்க, அவரைத் திட்டினா வலது கை முளைச்சிடுமா? உள்ரூமுக்குப் போய் அஞ்சு நிமிஷம் கடவுள்கிட்ட வழி கேளுங்க."

"ஏன், கடவுளுக்குத் தையல் தெரியுமா?"

"உங்களையே இத்தனை வருஷமா ஒட்டுப்போட்டு ஓட்டுறாரே, தெரியாமலா?"

தையல்காரங்க சிரிப்பை அடக்க முடியாம குனிஞ்சுக்கிட்டாங்க. இவர் முறைச்சுக்கிட்டே உள்ள போய்க் கதவைச் சாத்தினாரு.

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். "விடுங்கண்ணே. ஆனா இனிமேலாவது பார்த்து வெட்டணும், சரியா?"

"சரிம்மா."

கால் மணி நேரம் கழிச்சு இவர் வெளியே வந்தாரு. முகத்துல கோபம் துளிகூட இல்ல. நேரா வந்து அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டாரு.

"மன்னிச்சுக்குங்கண்ணே, வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மிச்சத் துணி முழுக்கைக்குப் பத்தாது, அரைக்கைக்குப் பத்துமா?"

அண்ணன் அளந்து பார்த்தாரு. "இருபதுக்கும் தாராளமா வரும்!"

பாட்டு டீச்சருக்குப் போன் போட்டு, தப்பு நடந்துபோச்சுன்னு ஒளிக்காம சொன்னாரு. "இந்தப் புழுக்கத்துக்கு அரைக்கைதான் நல்லது, தைச்சிடுங்க"ன்னு அவங்க சிரிச்சாங்க. எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு.

மறுநாள் மதியமே இருபது அரைக்கைச் சட்டையும் இஸ்திரியோட போயிடுச்சு. நான் பாட்டு முணுமுணுத்துக்கிட்டே உள்ரூமைப் பெருக்கினேன்.

துணி மூட்டைக்கு அடியில ரெண்டு அட்டை. சட்டைக் கைக்கு வரைஞ்சது. ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பார்த்தேன். இம்மிகூடப் பிசகாம அப்படியே பொருந்துச்சு. ஒண்ணைத் திருப்பிப் போட்டு வரையணும், மறந்திருக்கு. ஒண்ணுல 'இடது', இன்னொண்ணுல 'வலது'ன்னு எழுதி வேற வச்சிருக்கு.

எழுத்து என்னுது.

ஓடினேன். "அண்ணே, தப்பு என்னுது! ஏன் சொல்லல? ஒளிச்சு வேற வச்சிருக்கீங்க!"

"முதலாளி பார்க்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் கவனிச்சேன், உடனே ஒளிச்சுட்டேன். நான் திட்டு வாங்கினா அன்னிக்கே மறந்துடும். நீங்க வாங்கினா வீட்டுக்கும் கூட வருமேம்மா."

எனக்கு அழுகையே வந்துடுச்சு. அட்டையோட இவர்கிட்ட போய் நின்னேன். இவர் ஆச்சரியமே படல.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நேத்து முட்டி போட்டதுமே மூட்டைக்கு அடியில இது கண்ணுல பட்டுச்சு. 'தப்பு யார் மேல, சொல்லு சாமி'ன்னுதான் முதல்ல கேட்டேன். உடனே காட்டிட்டாரு. அப்புறம்தான் புத்தி வந்து, 'இனி என்ன செய்யணும்'னு கேக்க ஆரம்பிச்சேன்."