கடைசி ரத்தச் சோதனை

"இன்னும் குறையலையே, அண்ணாச்சி," என்றார் டாக்டர்.

தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சண்முகசுந்தரத்துக்கு எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. நெஞ்சுவலி நின்று ஒரு மாதமாகிறது. வருகிற வியாழக்கிழமை திருநெல்வேலியில் மகளுக்குக் கல்யாணம்.

"நான் ரயிலேறலாமா, கூடாதா?"

"எப்படி விடுவேன்? சதை நைஞ்சா ரத்தத்துல ஒரு என்சைம் ஏறும். இதயமும் சதைதானே? எங்கேயாவது அடிபட்டுச்சா? கடையில மூட்டை தூக்கினீங்களா?"

"கட்டில விட்டே எறங்கலயே."

"அப்போ இதயம்தான். நாளைக்குக் கடைசியா ஒருதரம் பார்ப்போம். குறைஞ்சிருந்தா தாராளமாப் போய்ட்டு வாங்க."

வீடு திரும்பியதும் கம்பவுண்டர் ரங்கனுக்கு ஆள் அனுப்பினார். ஒவ்வொரு சோதனைக்கும் முந்தின நாள் வருவது போலவே, அவன் பையோடு வந்து நின்றான்.

"இன்னா அண்ணாச்சி, நாளைக்கும் ரத்தம் எடுக்கறாங்களா?"

"ஆமாடே. நீ போடுத சத்து ஊசி பத்தல போல. டாக்டர்கிட்ட மட்டும் மூச்சு விட்றாத." வேட்டியைத் தளர்த்திக்கொண்டு குப்புறப் படுத்தார் சண்முகசுந்தரம். "இந்தவாட்டி ரெண்டு பக்கத்து இடுப்புச் சதையிலயும் நல்லா ஆழமாப் போடு."