மூன்று நொடிக்கு ஒரு கேமரா

"பழசைக் கழட்டிட்டுப் போயிருக்கார். அதே இடத்தில சொந்தக் காசில புதுசை மாட்டிட்டும் போயிருக்கார். இதை நான் திருட்டுன்னு எழுதறதா, தானம்னு எழுதறதா?" என்று கேட்டார் சார்ஜன்ட் லினேயோ.

"திருட்டுன்னு எழுதுங்க சார்ஜன்ட்!" என்று மேஜையைக் குத்தினார் ஃபான் டோண்டர். தென்னாப்பிரிக்காவில், ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துக் கிரைஸ்ஃபான்டைனில் இருக்கும் ஒரே கேமராக் கடை அவருடையது. "ரெண்டு மணி நேரம் கடையையே கொட்டிக் காட்டினேன். சிங்கத்தோட மீசையை எண்ணலாம், அப்படி ஒரு கேமரா. வேண்டாங்கறார். கலரே ஆகாதாம், கறுப்பு வெள்ளை போதுமாம். படம் அழகா இருக்க வேண்டாமாம், ஒரே ஒரு புள்ளி விழுந்தாப் போதுமாம்! கடைசில அண்ணாந்து பார்த்தார். திருடன் வந்தாத் தெரியறதுக்கு வாசல்மேல ஒரு பழைய கேமரா மாட்டியிருக்கேன். அதுதான் வேணும்னார். அது விற்கிறதுக்கில்லைன்னு சொல்லிட்டு, காபி போட உள்ளே போயிட்டு வர்றேன், ஆளைக் காணோம், கேமராவையும் காணோம்."

"கேமரா இருக்கே. புதுசு."

"அதுதான் சார்ஜன்ட் எனக்குப் பயமா இருக்கு!"

குற்றவாளி பெஞ்சில் நெளிந்தார். பெயர் மொலாபோ. ரயில்வேயில் நாற்பது வருடம் கொடி காட்டி ஓய்வு பெற்றவர். அந்தப் பழைய கேமராவைப் பிறந்த குழந்தை மாதிரி மடியில் அணைத்து வைத்திருந்தார். கண் மட்டும் சுவர்க் கடிகாரத்தில். மணி ஐந்தரை.

"ம்மே, அம்மா, சீக்கிரம் விட்டுடுங்க. ஏழு நாற்பத்திரண்டுக்கு ஒரு நட்சத்திரம் காணாமப் போகுது."

"அதையும் நீங்கதான் எடுக்கப் போறீங்களா, ந்தாத்தே?" என்று ஊர் வழக்கப்படி 'ஐயா' போட்டே கேட்டார் சார்ஜன்ட்.

"ஐயையோ! வானத்தில ஒரு பாறை அதுக்குக் குறுக்கே போகுது. அதோட நிழல் சரியா நம்ம ஊர்மேல விழுது. மூணே நொடி நட்சத்திரம் அணைஞ்சுட்டுத் திரும்பி வரும். எப்ப அணைஞ்சது, எப்ப வந்ததுன்னு நொடியில இருபத்தஞ்சில் ஒரு பங்கு சுத்தமாச் சொன்னா, பாறை எவ்வளவு பெரிசுன்னு கணக்குப் போட்டுடலாம். பதினோரு வருஷமா இதுக்கு அலையறேன், ம்மே. இருபத்தேழு தடவை. ஒரு தடவைகூட ஒண்ணும் மறையலை. இன்னிக்கு நிச்சயம்."

அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு தடவை நெருப்புக்கோழி ஒன்று வந்து தொலைநோக்கியை மிதித்து நொறுக்கிவிட்டுப் போனது. தொலைநோக்கி போயிற்று, நெருப்புக்கோழி போயிற்று, அந்த நட்சத்திரம் மட்டும் போகவில்லை.

சார்ஜன்ட் காய்ந்த மாட்டிறைச்சித் துண்டைக் கடித்தபடி குறித்துக்கொண்டார். "கடையில உள்ள புதுக் கேமராவுக்கு என்ன குறை?"

"படம் அழகா எடுக்கும். சரியான மணி தெரியாது. ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில கண்ணை வேற மூடிக்கும். அந்த நேரம் பார்த்து நட்சத்திரம் போயிட்டா?"

"இது?"

"கண்ணையே மூடாது! நொடிக்கு இருபத்தஞ்சு படம். தொலைநோக்கியில மாட்டினா, வெறுங்கண்ணுக்குத் தெரியறதைவிட நூறு மடங்கு மங்கலா இருந்தாலும் பிடிச்சுடும்."

"நூறு மடங்கா!" சார்ஜன்ட் மெல்லுவதை நிறுத்தினார். "நேரத்தை யார் சொல்றது?"

"இந்தச் சின்னப் பெட்டி. செயற்கைக்கோள்கிட்ட கேட்டு ஒவ்வொரு படத்திலயும் நேரத்தை முத்திரை குத்திடும்."

"மேஜைமேல வைங்க. மின்சாரம்?"

"பன்னிரண்டு வோல்ட் பேட்டரி."

"அதையும் வைங்க. தொலைநோக்கியில செருகற வளையம்?"

"பையில இருக்கு. வளையமும் ஆதாரமா, ம்மே?"

"வளையம் இல்லாமக் குற்றத்தை எப்படி நிரூபிக்கிறது?"

ஃபான் டோண்டருக்குப் புல்லரித்தது. இருபது வருடத்தில் இந்தக் காவல் நிலையத்தில் அவர் கொடுத்த புகார் எதையும் யாரும் இவ்வளவு துருவி விசாரித்ததில்லை.

"எல்லாம் பறிமுதல். காலையில ரெண்டு பேரும் வாங்க."

"அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் கொடுங்க, ம்மே! ஏழு நாற்பத்து மூணுக்கு ஓடி வந்து நானே என்னைப் பூட்டிக்கிறேன்!"

"சட்டம்னா சட்டம்தான், ந்தாத்தே. போய்ச் சாப்பிடுங்க."

மொலாபோ சாப்பிடவில்லை. வீட்டு முற்றத்தில் தொலைநோக்கியை நிறுத்தி, நிறுத்துகடிகாரத்தைக் கையில் பிடித்து, கேமரா இருக்கவேண்டிய இடத்தில் கண்ணை வைத்துக் காத்திருந்தார். சரியாக ஏழு நாற்பத்திரண்டுக்கு, யாரோ ஸ்விட்சைத் தட்டியதுபோல நட்சத்திரம் அணைந்தது.

"போச்சு! போச்சு!" என்று கூவிக்கொண்டு அவர் எழும்பிய எழும்பலில் தெருவில் அத்தனை நாயும் குரைத்தது. முழங்கால் வலியெல்லாம் மறந்து மூன்று சுற்று ஆடிவிட்டுக் குனிந்து பார்த்தபோது நட்சத்திரம் வந்துவிட்டிருந்தது. கடிகாரத்தில் பொத்தானை அமுக்கவே இல்லை.

அன்றிரவே, இப்படி மறைவதையெல்லாம் கணக்கெடுக்கும் வானியல் சங்கத்துக்கு நேர்மையாக எழுதி அனுப்பினார்: 'மறைந்தது. கண்ணால் கண்டேன். எப்போது என்று மட்டும் கேட்காதீர்கள்.'

மறுநாள் காலை காவல் நிலைய வாசலில் நின்றுகொண்டிருக்கும்போது கைபேசிக்குப் பதில் வந்தது.

'வாழ்த்துகள், மொலாபோ. நேரம் இல்லாததால் உங்கள் அறிக்கையைச் சேர்க்க முடியவில்லை. கவலை வேண்டாம், உங்கள் ஊரிலிருந்தே அப்பழுக்கில்லாத பதிவு ஒன்று வந்துவிட்டது. பார்த்தவர்: லினேயோ. இடம்: காவல் நிலையக் கொல்லைப்புறம். தொலைநோக்கி: சொந்தம். கேமரா: பறிமுதல் செய்தது.'