தமிழரசியின் ரப்பர் பேண்டுகள்

லெபனானில் ஐ.நா. அமைதிப்படையில் இருக்கும் தன் தம்பி செழியனுக்கு என் மனைவி தமிழரசி மாதம் ஒரு பார்சல் அனுப்புவாள். பருப்புப்பொடிப் பையின் வாயை முறுக்கி, தலையில் போடும் ரப்பர் பேண்டால் கட்டுவாள். அவள் இறந்து ஐந்து மாதமாகிறது.

"அவன் ஊருக்கு வர்ற வரைக்கும் சொல்லிராதீங்க மாப்ள. துப்பாக்கியோட நிக்கிற பய," என்றார் அத்தை.

அக்காவுக்குத் தொண்டையில் ஆபரேஷன், பேச முடியாது என்று அவனிடம் சொல்லிவைத்திருக்கிறோம். பொடியை நான் அரைக்கிறேன். அவளுடைய போனிலிருந்து அவனுக்கு நான்தான் பதில் எழுதுகிறேன். போன மாதம் அவளுடைய கடைசி ரப்பர் பேண்டும் தீர்ந்தது. இனி எப்படியும் அவனுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தபோது நிம்மதியாக இருந்தது.

லெபனானிலிருந்து விடுப்பில் ஊருக்கு வந்த செழியனின் நண்பன் இன்று வீட்டுக்கு வந்தான்.

"அக்கா இல்லையாண்ணே?"

"குளிக்கிறா."

குளியலறைக் கதவு அவனுக்கு நேரெதிரே திறந்து கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒரு சிறிய பையை நீட்டினான்.

"செழியன் இதை மச்சான் கையிலயே குடுக்கச் சொன்னான்."

உள்ளே தமிழரசியின் ரப்பர் பேண்டுகள், ஒன்பது. எல்லாம் கழுவியவை. கடிதம் எதுவும் இல்லை.

அவன் போனதும் பருப்பை வறுக்க அடுப்பைப் பற்றவைத்தேன்.