நாற்பது வருஷ ஆயுள்

"அந்தப் பொம்பளைக்கு ஒயினப் பத்தி என்னங்க சிஸ்டர் தெரியும்?" மரிய ஆல்பர்ட் பழைய பத்திரிகையை மேசைமேல் போட்டார். "நூத்துக்கு எழுபது போட்டிருக்கா. எழுபது!"

எதிர் நாற்காலியில் இருந்த அம்மாள் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார். கார்க் பாதியில் உடைந்து நின்றுவிட்டது. மிச்சத்தைக் கத்தி முனையால் உள்ளே தள்ளிவிட்டு, டீ வடிகட்டியை எடுத்துவர எழுந்து போனார்.

அது 1982-ஆம் வருஷத்து பிரெஞ்சுச் சிவப்பு ஒயின். ஏலாக்குறிச்சியில் பிறந்த ஆல்பர்ட், பாரிஸில் ஒயினை ருசி பார்த்து எழுதுவதையே வேலையாக வைத்திருந்தவர். ஓய்வுபெற்று ஊருக்கு வந்தபோது, பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்த ஒரே பாட்டில். இனியும் வைத்திருந்து பயனில்லை, திறந்துவிடலாம் என்று காலையில் அந்த அம்மாள்தான் சொன்னார்.

1990-ல் லண்டன் பத்திரிகை ஒன்று அந்த ஒயினை இரண்டு பேருக்குக் கொடுத்து, இருவர் எழுதியதையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்துப் போட்டிருந்தது. ஒருவர் ஆல்பர்ட். இன்னொருவர் ரீனா.

"மொதல்ல நான் எழுதினதப் படிங்க."

அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் வாசித்தார். "'கறுப்புத் திராட்சை, புகையிலை, தேவதாரு மரம். இந்த ஒயின் இன்னும் வாயே திறக்கவில்லை. நாற்பது வருஷம் ஆயுள் உண்டு. தொண்ணூற்றாறு.'"

"ம். அவ?"

அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "'இன்றைக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தாக்குப்பிடிக்காது. நாற்பது வருஷம் காத்திருந்து திறப்பவருக்கு நிறம் அப்படியே இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. எழுபது.'"

"பாத்தீங்களா? ஊர்க்காரன்னுகூடப் பாக்கல. அவளுக்கும் இந்தப் பக்கம் வரதராஜன்பேட்டைதானாம். பாரிஸ்ல அத்தன பேரும் என்னையப் பாத்துச் சிரிச்சானுங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீங்க சாப்பிட்டீங்களா சிஸ்டர்?"

"ஆச்சுங்க."

வடிகட்டி வழியாக ஒயின் இரண்டு கிளாஸ்களில் இறங்கியது. வெளியே சிமெண்ட் லாரி ஒன்று போக, மேசை லேசாக அதிர்ந்தது.

ஆல்பர்ட் கிளாஸைக் கையில் எடுத்ததும் அதுவரை இருந்த கை நடுக்கம் நின்றது. சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒரு சுழற்றுச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். அம்மாள் தன் கிளாஸைத் தொடவில்லை. அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாச்சும் தெரியுதுங்களா?"

"ஈரக் காகித வாசன." ஒரு வாய் குடித்து, நாக்கில் உருட்டிப் பக்கத்திலிருந்த கிண்ணத்தில் துப்பினார். "அதுக்கு மேல ஒண்ணும் வரல."

"இன்னொரு தடவ பாருங்க. அவசரமில்ல."

பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கிளாஸைத் தள்ளி வைத்தார்.

"செத்துப்போச்சு சிஸ்டர். நெறம் இருக்கு. உள்ள ஒண்ணுமில்ல."

அம்மாள் தலையை மட்டும் அசைத்தார். வடிகட்டியில் தங்கியிருந்த கார்க் துண்டுகளைக் காகிதத்தில் தட்டி மடித்து ஓரமாக வைத்தார்.

ஆல்பர்ட் திடீரென்று சிரித்தார். "அப்ப அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி! ஒரு பேப்பர் எடுங்க. அவளுக்கு லெட்டர் போடணும். நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஆச்சுங்க." அதே குரல்.

"எழுதுங்க. அன்புள்ள ரீனா. எம்பத்திரண்டத் தொறந்து பாத்தேன். நீ சொன்னதுதான் சரி. நான் தோத்துட்டேன்." நிறுத்தினார். குரல் தணிந்தது. "உம்மேல கோபமில்ல. நீ எழுதின அந்த நாலு வரிய நூறு தடவ படிச்சிருப்பேன். இப்படி எழுதற பொண்ணு எப்படி இருப்பான்னு... வேணாம் சிஸ்டர். அத அடிச்சிடுங்க."

அம்மாள் அடிக்கவில்லை. மளிகைச் சீட்டு எழுதுவதுபோல் கை ஒரே சீராக ஓடி, முற்றுப்புள்ளியில் வந்து நின்றது.

"அட்ரஸ் தெரியாதே," என்றார் ஆல்பர்ட். முகத்தில் சின்னப் பிள்ளையின் கவலை. "அப்புறம் இன்னொண்ணு. கல்யாணம் ஆயிருந்தா வூட்டுக்காரரு தப்பா எடுத்துக்கப் போறாரு. அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிருச்சா, உங்களுக்குத் தெரியுமா?"

அம்மாள் பேனாவை மூடினார்.

"ஆயிருச்சுங்க. உங்களத்தான் கட்டிக்கிட்டேன்."