பதினொரு செக்கன்

அருந்ததி ரீவிக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தாள். தகப்பனின் செத்தவீட்டை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

வெளியே ஜெனறேற்றர் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிக்கொண்டிருந்தது. நெல்லியடியில் மின்சாரம் போய் மூன்று வருடமாகிறது.

சோமசேகரம் அவளுக்குப் பின்னால் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றார். படம் எடுத்தவர் அவர். வெட்டி ஒட்டியவரும் அவர்தான். ஊரில் செத்தவீடு என்றால் ஐயருக்குச் சொல்ல மறந்தாலும் சோமசேகரத்துக்குச் சொல்ல மறக்கமாட்டார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர், தன் சொந்த ஸ்ரூடியோவிலேயே களவெடுத்துப் பிடிபட்டவர் போல நிற்கவேண்டி வந்துவிட்டது.

அவள் மடியில் ஒரு கடிதம் கிடந்தது. கனடாவில் இருக்கும் தம்பி எழுதியது. வந்ததும் வராததுமாக அதைத்தான் அவரிடம் வாசிக்கக் கொடுத்தாள்.

'அக்கா, அப்பாவின் செத்தவீட்டுக்கு நீ வரமாட்டாய் என்றுதான் நினைத்தேன். கசற்றில் நீ அழுவதைக் கண்டேன். இனி எனக்கு உன்மேல் ஒரு கோபமும் இல்லை.'

தகப்பனை மீறி மயிலிட்டிச் சிமியோனைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டை விட்டுப் போனபிறகு, தம்பி எழுதிய முதல் கடிதம் அது.

திரையில் வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெரிய செத்தவீடுதான். ஆனால் படத்துக்கு உதவாத செத்தவீடு. அழவேண்டிய பெண்களெல்லாம் கமராவைக் கண்டதும் சீலைத் தலைப்பைச் சரிசெய்தார்கள். பெட்டி, ஒரு முகம், திரும்பவும் பெட்டி. இவ்வளவுதான் சோமசேகரத்தின் வித்தை. நடுவில் வரும் முகம் அழுதால், ரொறன்ரோவில் பார்த்துக்கொண்டிருப்பவனும் அழுவான்.

அவருக்கு வேண்டிய அந்த முகம் செத்தவீட்டுக் கசற்றில் இருக்கவில்லை. அதனால் வெட்டி ஒட்டும்போது அலுமாரியைத் துழாவி வேறொரு கசற்றை எடுத்திருந்தார்.

இப்போது திரையில் பெட்டியை மூடினார்கள். அடுத்து அருந்ததியின் முகம், திரை முழுவதும். கண்ணீர் கன்னத்தில் இறங்கி உதட்டில் நின்றது. நான்கு செக்கன். திரும்பவும் பெட்டி.

"இது என்ரை கலியாணத்தண்டு எடுத்ததெல்லோ, அண்ணை?"

"ஓம்" என்றார் சோமசேகரம்.

மாதா கோயிலில் நடந்த, அவரே படமெடுத்த கலியாணம். மணப்பெண்ணுக்கு வெள்ளைச் சேலை. செத்தவீட்டுக்கும் வெள்ளை பொருந்தும். தலையில் முக்காடாகப் போட்டிருந்த நெற் துணி கொஞ்சம் விலகிய இடமாகப் பார்த்து வெட்டியெடுத்து, மேலே பறைச் சத்தத்தை நிறுத்தாமல் ஓடவிட்டிருந்தார். படம் மாறினாலும் சத்தம் மாறாவிட்டால் பார்ப்பவன் சந்தேகப்படமாட்டான். ஒருவராலும் பிடிக்க முடியாது என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்ட வேலை அது.

அவள் ஏசுவாள் என்று காத்திருந்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்டைக்கு அப்பா வருவார் வருவார் எண்டு வாசலைப் பாத்துக்கொண்டு அழுதனான். அந்தக் கண்ணீரும் அவருக்குத்தான், அதிலை பொய் இல்லை. ஆனா தம்பி இதைச் செத்தவீட்டு அழுகை எண்டு நம்பி என்னோடை கதைக்க வாறான். அதுதான் எனக்குப் பொறுக்கேலாமல் கிடக்கு."

வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"செத்தவீட்டுக்கும் நான் வந்தனான், அண்ணை. பெரியப்பா உள்ளுக்கு விடேல்லை. படலைக்கு வெளியிலை, பூவரசுக்குக் கீழை நிண்டனான். பெட்டி வரேக்கை நீங்கள் கமராவோடை முன்னாலை வந்தனீங்கள். ஏதாவது ஒரு மூலையிலை நான் விழுந்திருப்பன். அந்தத் துண்டைத் தாங்கோ. அதைத் தம்பிக்கு அனுப்பவேணும்."

சோமசேகரம் தரையைப் பார்த்தார்.

"இல்லைத் தங்கச்சி. நான் உங்களைக் காணேல்லை."

அவள் தலையாட்டினாள். அவரை நம்பிவிட்டாள். கடிதத்தை நாலாக மடித்து, பிறகும் மடித்தாள்.

திரையில் பெட்டி வாசல் படலைக்கு வந்துவிட்டது. பெண்கள் அதற்குமேல் போகமுடியாத இடம். பெட்டியில் முகம் புதைத்துக் குழறினார்கள், தூக்கியவர்கள் நின்றார்கள். அடுத்து, தம்பியின் பெயரில் வைத்த மலர்வளையம் வந்தது. அசையாமல் வெறும் பூ.

"இந்தப் பூவை ஏன் இவ்வளவு நேரம் எடுத்து வைச்சிருக்கிறியள்?"

அவருக்கு ஜெனறேற்றர் நின்றுவிடாதா என்று இருந்தது.

அன்றைக்குப் படலையடியில் கமராவைத் திருப்பியபோது, பூவரசுக்குக் கீழே அந்த முகம் நின்றது. சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு, சத்தம் வராமல், பெட்டியை மட்டும் பார்த்தபடி. எத்தனையோ செத்தவீடு எடுத்தவருக்கு அப்படி ஒரு முகம் அதற்கு முன் கிடைத்ததில்லை. கை நடுங்காமல் எடுத்தார்.

பெரியப்பா பரமலிங்கம் வந்து கமராவின் கண்ணை உள்ளங்கையால் பொத்தினார். "உந்த முகத்தை அழிச்சுப்போட்டு மலர்வளையத்தை எடும்" என்றார்.

சோமசேகரம் நின்ற இடத்திலேயே கசற்றைப் பின்னுக்கு ஓட்டி, அந்த முகத்தின் மேலேயே பதினொரு செக்கன் பூவை எடுத்தார்.