ஸ்பூன் கொண்டுபோன சேதி

செல்லையா என்ற கைதியின் வாயில் ஒரு சொத்தைப் பல் இருந்தது. அதைக் காட்ட டாக்டரிடம் அனுப்பச் சொல்லி மூன்று வாரமாக மனு கொடுத்தார். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லி மூன்று முறையும் திருப்பி அனுப்பினார்கள். நாலாவது வாரம் அவர் ஒரு ஸ்பூனை விழுங்கினார்.

உள்ளே போகிற ஸ்பூனைப் பல் நிறுத்தியது. "தம்பி, எனக்காகத்தான் உன்னை அனுப்புறாரு. பெரிய ஆஸ்பத்திரியில என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிடு."

"கவலையை விடுங்கண்ணே, இன்னைக்கே முடிச்சிடறேன்" என்றது ஸ்பூன்.

அரை மணி நேரத்தில் ஜீப் வந்தது. நாலு டாக்டர்கள் கூடி நின்று எக்ஸ்ரேயைப் பார்த்தார்கள். வாய் மூடாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கடிக்கக் கொடுத்து, அது வழியாகக் குழாயை விட்டார்கள். வளையம் சொத்தைப் பல்லின் மேலேயே உட்கார்ந்தது. செல்லையா கன்னத்தைத் தொட்டுக் காட்டி முனகினார்.

"அசையாதீங்க, இதோ வந்துடுச்சு" என்றார் டாக்டர்.

வெளியேறிய ஸ்பூனிடம் பல் கேட்டது: "சொன்னியா தம்பி?"

"எங்கண்ணே சொல்ல விட்டாங்க? எல்லாரும் என்னையேதான் பார்த்தாங்க. போட்டோ வேற எடுத்தாங்க!"

'ஸ்பூன் அகற்றப்பட்டது, நலமாக இருக்கிறார்' என்று எழுதி அவரை அனுப்பினார்கள். சிறையில் அன்றே எல்லா ஸ்பூன்களையும் பறித்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் ஒரு திருகாணி வாய்க்குள் வந்தது.

"வாங்க" என்றது பல். "போன தடவை வந்தவர் கொஞ்சம் விளம்பரப் பிரியர். நீங்களாவது என்னைப் பத்திச் சொல்வீங்களா?"

"அது கிடக்கட்டும், எக்ஸ்ரேயில நான் நல்லாத் தெரிவேனா?" என்று கேட்டது திருகாணி.